பெருந்தொற்றுக் காலமும் நம் கலைஞர் வாழ்வும்

(சங்கத்தின் வெள்ளி விழா அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

    

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் பள்ளியைப் பற்றியும் விடுதியைப் பற்றியும் உதவித் தொகையைப் பற்றியும் பேசுவதே முறை. நம்முன் பேசியவர்கள் அவற்றை நன்கு பேசிவிட்டார்கள். நாம் எடுத்துக்கொண்ட பொருள் வேறு. எழுதுகின்றவன், பாடுகின்றவன், பறை கொட்டுகின்றவன், கூத்தாடுகின்றவன், நூல் அச்சிடுகின்றவன் ஆகியோர் நாடு முடங்கிய காலத்தில் எவ்வாறு உண்டார்கள் என்பதே அது. கல்விச் சங்கத்திற்கும் கலைஞனின் சோற்றுக்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவக் கூடும். தொடர்பு உண்டு. நமக்கு எழுத்து மறுக்கப்பட்டிருந்த நூற்றாண்டுகளில் நம் வரலாற்றைச் சுமந்து வந்தவை ஏடுகள் அல்ல. ஒப்பாரியும் கதைப்பாட்டும் கூத்துமே. எழுத்து கைக்கு வந்த பிறகு, நம் குரலை ஊரறியச் செய்தவை நம்மவர் நடத்திய சிற்றிதழ்களும் சிறு அச்சகங்களுமே. இவ்விரு கூட்டத்தாரும் பசியால் தொழிலை விட்டு அகன்றுவிட்டால், நம் பிள்ளைகள் பட்டம் பெறலாம். ஆனால் தாம் யார் என்பதை அறியாமலே பெறுவார்கள்.

பறை ஓய்ந்த பருவம்

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25ஆம் நாள் நாடு முழுவதும் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. நாட்டுப்புறக் கலைஞனுக்கு அதனினும் கொடிய நாள் வேறில்லை. ஏனெனில் அது பங்குனி. பங்குனி, சித்திரை, வைகாசி ஆகிய திங்கள்களில்தான் அம்மன் கோயில் கொடையும் தேரும் திருவிழாவும் நிகழும். உழவனுக்கு அறுவடைக் காலம் எதுவோ, பறைக் குழுவுக்கும் கரகாட்டக் குழுவுக்கும் நையாண்டி மேளத்தார்க்கும் தெருக்கூத்தார்க்கும் இக்காலம் அதுவே. இந்தச் சில மாத வருவாயைக் கொண்டே அவர்கள் ஆண்டு முழுவதும் அடுப்பெரிக்க வேண்டும்.

அவ்வாண்டு மதுரைச் சித்திரைத் திருவிழா நின்றது. கள்ளழகர் ஆற்றில் இறங்கும் காட்சியைக் காண மக்கள் கூடவில்லை. 2021ஆம் ஆண்டும் அப்படியே கழிந்தது. பெருங்கோயில்களின் நிலையே இதுவென்றால் சிற்றூர்க் கோயில்களின் நிலையைச் சொல்ல வேண்டுவதில்லை. திருமணத்திற்கு 50 பேர், இறுதிச் சடங்கிற்கு 20 பேர் என்று அரசு வரம்பு விதித்தது. நோய்த் தடுப்பிற்கு அவ்வரம்பு தேவையாயிற்று. அதில் நாம் குறை காணவில்லை. ஆயினும் அந்த இருபதின்மருள் எட்டுப் பேர் கொண்ட பறைக் குழுவுக்கு இடம் எங்கே? பிறப்பும் மணமும் இறப்பும் விழாவும் ஆகிய நான்கு வாயில்களும் ஒரே நாளில் அடைபட்டன.

நாம் கண்ணால் கண்டதை இங்கே கூற விரும்புகிறோம். எங்கள் ஊரில் எட்டுப் பேர் கொண்ட குழு ஒன்று உண்டு. ஊரடங்கின் முதல் திங்களில் கையிருப்புத் தீர்ந்தது. இரண்டாம் திங்களில் வீட்டுப் பெண்களின் காதணி அடகுக் கடைக்குச் சென்றது. மூன்றாம் திங்களில் குழுவின் இளைஞர் இருவர் செங்கற் சூளைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு போயினர். அவர்கள் இன்றும் திரும்பி வந்து பறையைத் தொடவில்லை. ஒரு கலை அழிவதென்பது இப்படித்தான். அதை எவரும் தடை செய்வதில்லை. கற்றவன் வேறு வேலைக்குப் போகிறான். அவன் மகன் கற்காமலே வளர்கிறான்.

அப்போது நல வாரியங்கள் பலவற்றில் பதிவு பெற்றோருக்கு 1,000 ரூபாய் வீதம் நிவாரணம் வழங்கப்படும் என்று தமிழக அரசு அறிவித்தது. நாட்டுப்புறக் கலைஞர்களுக்கென 2007ஆம் ஆண்டிலேயே தனி நல வாரியம் அமைக்கப்பட்டுள்ளது என்பதை நீங்கள் அறிவீர்கள். எங்கள் குழுவில் அவ்வாரியத்தின் அட்டை வைத்திருந்தவர் எத்தனை பேர்? ஒருவர். மற்ற எழுவரையும் அழைத்துக்கொண்டு ஓர் அலுவலகத்திற்குச் சென்றோம். கலைஞர் என்பதற்குச் சான்று என்ன என்று அங்கே வினவினர். நாற்பது ஆண்டுகளாகப் பறை கொட்டிவரும் பெரியவர் ஒருவர் விடை கூறினார்: "எங்க அப்பன் அடிச்சான், நான் அடிக்கிறேன். ஊரே சாட்சி. இதுக்குத் தாளு எங்கய்யா இருக்கு?" அவர் சொன்னதில் பொய் இல்லை. கேட்ட அலுவலரும் தம் விதிப்படியே கேட்டார். ஆனால் அன்று அவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அந்த வெறுங்கைக்கு நாமும் பொறுப்பு. இருபது ஆண்டுகளாக இச்சங்கம் நம் பிள்ளைகளின் சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் அலைந்திருக்கிறது. பறை கொட்டும் பெரியவருக்கு ஓர் அட்டை வாங்கித் தர வேண்டும் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

பிற நாடுகள் செய்தது என்ன?

இத்துயரம் நமக்கு மட்டும் உரியதன்று. உலகெங்கும் அரங்குகள் மூடப்பட்டன. புத்தகக் கடைகள் அடைக்கப்பட்டன. செல்வ நாடுகள் இதனை எவ்வாறு எதிர்கொண்டன என்பதை நாம் அறிந்துகொள்வது நன்று. அவர்களின் பணம் நம்மிடம் இல்லை. ஆனால் அவர்கள் செய்த பிழையிலிருந்தும் நன்மையிலிருந்தும் பாடம் கற்கப் பணம் தேவையில்லை.

முதலில் செருமனியைப் பார்ப்போம். 2020 மார்ச்சிலேயே அந்நாட்டு நடுவண் அரசு, தனியே தொழில் செய்வோருக்கும் சிறு தொழில்களுக்கும் உடனடி உதவியை அறிவித்தது. ஐந்து பேர் வரை பணிபுரியும் இடங்களுக்கு மூன்று திங்களுக்கு 9,000 யூரோ வரை கிடைக்கும். கேட்பதற்குப் பெருந்தொகை. ஆனால் அதில் ஒரு முடிச்சு இருந்தது. தொழிலிடத்தின் வாடகை, கருவிகளின் தவணை போன்ற தொழிற் செலவுகளுக்கே அப்பணம். உணவுக்கும் வீட்டு வாடகைக்கும் அன்று. அச்சகம் நடத்துபவருக்கு இது பொருந்தும். வீட்டு மூலையில் ஒரு மேசையிட்டு எழுதுகின்ற எழுத்தாளனுக்குத் தொழிற் செலவு என்ன இருக்கிறது? தாளும் மையும்தான். அவனுடைய முதலீடு அவன் வயிறு. அந்த வயிற்றுக்குக் கணக்கில் இடமில்லை. அத்தகையோர் ஏழைகளுக்கான பொது உதவித் திட்டத்தை நாடுமாறு சொல்லப்பட்டனர். தாம் ஈட்டி உண்டவர்கள், தம்மைத் தொழிலாளராக மதிக்காமல் இரவலராக மதித்ததாக மனம் வருந்தினர். சில மாநிலங்கள் இக்குறையை உணர்ந்தன. பாடன்–வுர்ட்டம்பெர்க் மாநிலம் திங்களுக்கு 1,180 யூரோ வரை வாழ்க்கைச் செலவாகக் கணக்கிட இடம் தந்தது. நார்த்ரைன்–வெஸ்ட்ஃபாலியா மாநிலம் கலைஞர்க்குத் தலைக்கு 2,000 யூரோ என்று 50 இலட்சம் யூரோ ஒதுக்கியது. கேட்டவர் தொகை மிகுந்தமையால் அந்நிதி விரைவிலேயே தீர்ந்தது. பின்னர் நடுவண் அரசு பண்பாட்டுத் துறையை மீட்க 100 கோடி யூரோவும், அடுத்த ஆண்டில் மேலும் 100 கோடியும் ஒதுக்கியது.

இங்கிலாந்தில் நடந்தது வேறு விதம். 2020 சூலையில் அந்நாட்டு அரசு 157 கோடி பவுன் கொண்ட பண்பாட்டு மீட்பு நிதியை அறிவித்தது. நாடக அரங்குகளும் அருங்காட்சியகங்களும் இசையரங்குகளும் அதனால் பிழைத்தன. கட்டடம் பிழைத்தது, கட்டடத்தினுள் ஆடியவன் பிழைத்தானா என்பதே கேள்வி. தனியாகத் தொழில் செய்வோர்க்கெனத் தனித் திட்டம் ஒன்று இருந்தது. பழைய ஆண்டுகளின் வருமானத்தில் நூற்றுக்கு 80 பங்கு கிடைக்கும். ஆயினும் புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்கள் முதலில் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டனர். வருமானத்தில் பாதிக்கு மேல் சொந்தத் தொழிலிலிருந்து வரவேண்டும் என்பது விதி. பகலில் கடையில் வேலை பார்த்து இரவில் நாடகம் ஆடியவனுக்கு அக்கதவு திறக்கவில்லை. ஏழைக் கலைஞன் எந்நாட்டிலும் இரண்டு வேலை பார்ப்பவனே அல்லவா? இங்கிலாந்தின் கலை மன்றம் மார்ச்சு மாதத்திலேயே 16 கோடி பவுன் ஒதுக்கியது. அதில் தனிக் கலைஞர்க்கென வைத்தது 2 கோடி. பெரும் பங்கு நிறுவனங்களுக்கே சென்றது.

அமெரிக்காவில் 2020 மார்ச்சு 27ஆம் நாள் இயற்றிய நிவாரணச் சட்டத்தின் வழியாகக் கலைக்கான தேசிய அறக்கட்டளைக்கு ஏழரைக் கோடி டாலரும், மானிடவியல் துறைகளுக்கான தேசிய அறக்கட்டளைக்கு ஏழரைக் கோடி டாலரும் கிடைத்தன. அதனினும் பெரிய மாற்றம் ஒன்று அச்சட்டத்தில் இருந்தது. மாதச் சம்பளம் பெறாத, தானே தொழில் செய்கின்ற ஒருவனுக்கும் வேலையில்லாக் கால உதவி உண்டு என்று அது ஏற்றுக்கொண்டது. பாடகனும் எழுத்தாளனும் "வேலை இழந்தவர்" என்னும் பட்டியலில் இடம் பெற்றனர். தனியார் அறக்கட்டளைகள் சில ஒன்றுகூடி, கலைஞர் ஒருவருக்கு 5,000 டாலர் வீதம் வழங்கும் நிதியொன்றைத் தொடங்கின. எழுத்தாளர் அமைப்பான பென் அமெரிக்கா 500 முதல் 1,000 டாலர் வரை அவசர உதவி அளித்தது.

இத்தாலி செய்த செயலைப் பதிப்பாளர்களும் நூலகப் பொறுப்பாளர்களும் குறித்துக்கொள்ள வேண்டும். அந்நாட்டுப் பண்பாட்டு அமைச்சகம் 2020இல் 3 கோடி யூரோவை ஒதுக்கிப் பொது நூலகங்களிடம் கொடுத்தது. நூலகங்கள் அப்பணத்தில் நூல் வாங்க வேண்டும். அதில் நூற்றுக்கு 70 பங்கேனும் தம் பகுதியிலுள்ள புத்தகக் கடைகள் மூன்றிலேனும் வாங்க வேண்டும். ஒரே பணம் கடைக்காரனைக் காத்தது; பதிப்பாளனைக் காத்தது; எழுத்தாளனுக்கு உரிமைத் தொகை சேர்த்தது; முடிவில் வாசகன் கையில் நூலாய் வந்து சேர்ந்தது. எவரும் எவரிடமும் கையேந்தவில்லை.

அயர்லாந்து இன்னும் ஓரடி முன்னே சென்றது. பெருந்தொற்று தந்த பாடத்தால், 2022ஆம் ஆண்டில் கலைஞர்க்கு அடிப்படை வருமானம் என்னும் சோதனைத் திட்டத்தைத் தொடங்கியது. ஏறத்தாழ 9,000 பேர் விண்ணப்பித்தனர். தகுதியுடையோருள் 2,000 பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து, கிழமைக்கு 325 யூரோ வீதம் மூன்றாண்டு வழங்க முடிவு செய்தது. புகழ் பெற்றவர், பெறாதவர் என்று தரம் பிரிக்கவில்லை. "இன்ன நூலை எழுதிக் கொடு" என்று கட்டளையிடவும் இல்லை. அத்திட்டத்தால் செலவான ஒவ்வொரு யூரோவுக்கும் சமுதாயத்திற்கு 1.39 யூரோ மதிப்புள்ள பயன் விளைந்தது என்று 2025இல் அவ்வரசு வெளியிட்ட ஆய்வு கூறிற்று.

இவற்றால் நாம் அறிவது யாது? பணம் மிகுதியாக இருந்த நாட்டிலும், பதிவேட்டில் பெயர் இல்லாதவனைப் பணம் தேடி வரவில்லை. நிறுவனத்திற்குத் தந்த பணம் தனி மனிதனைத் தானாகச் சென்று அடையவில்லை. இரக்கத்தால் தந்த உதவியைவிட, வேலையை வாங்கிக்கொண்டு தந்த கூலியே கலைஞனின் மானத்தைக் காத்தது.

கூலியாய் வந்த உதவி

இம்மூன்றாம் பாடம் புதியதன்று. 1930ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவைப் பெரும் பொருளாதார வீழ்ச்சி தாக்கியது. அப்போது அதிபர் ரூசுவெல்ட்டின் அரசு, சாலை போடுவோர்க்கும் பாலம் கட்டுவோர்க்கும் வேலை தந்தது போலவே, வேலையற்ற எழுத்தாளர்க்கும் வேலை தர முன்வந்தது. 1935இல் கூட்டாட்சி எழுத்தாளர் திட்டம் தொடங்கிற்று. மிகுதியாக இருந்த காலத்தில் ஏறத்தாழ 6,600 பேர் அதில் பணிபுரிந்தனர். மாநிலந்தோறும் வழிகாட்டி நூல் எழுதுவதும், மக்களின் வாய்மொழிக் கதைகளைத் திரட்டுவதும் அவர்கள் பணி.

அத்திட்டத்தில் கூலி பெற்ற கறுப்பின எழுத்தாளர்களின் பெயர்களை நம் இளைஞர்கள் நினைவில் நிறுத்த வேண்டும். ரிச்சர்டு ரைட், ரால்ப் எலிசன், மார்கரெட் வாக்கர், சோரா நீல் அர்ஸ்டன் ஆகியோர் அவர்கள். ரைட்டின் 'நேட்டிவ் சன்' 1940இலும், எலிசனின் 'இன்விசிபிள் மேன்' 1952இலும் வெளிவந்து உலகப் புகழ் பெற்றன. பசி மிகுந்த ஆண்டுகளில் அவர்கள் கைக்குக் கிடைத்த அச்சிறு கூலி, பேனாவைக் கீழே வைக்காமல் அவர்களைத் தாங்கியது.

எனினும் அங்கும் நிறவெறி ஒழிந்துவிடவில்லை. சோரா நீல் அர்ஸ்டன் ஏற்கெனவே நூல்களை வெளியிட்டுப் பெயர் பெற்றவர். புளோரிடா மாநிலத்தில் அவரைக் கீழ்நிலைப் பணியிலேயே அமர்த்தினர். இதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. திட்டம் நல்லதாக இருந்தாலும் அதை நடத்துகின்றவன் மனம் மாறவில்லையென்றால், நம்மவன் வாசலிலேயே நிறுத்தப்படுவான்.

அத்திட்டம் செய்த மற்றொரு பெரும்பணியை எண்ணும்போது நம் நெஞ்சு நெகிழ்கிறது. அடிமைகளாக வாழ்ந்து விடுதலை பெற்றவர்களில் முதியோர் சிலர் அன்றும் உயிரோடிருந்தனர். 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில் அவர்களைத் தேடிச் சென்று, அவர்கள் வாய்மொழியை எழுதினர். 2,300க்கும் மேற்பட்டோர் கூறியவையும் 500 நிழற்படங்களும் இன்று அமெரிக்கக் காங்கிரசு நூலகத்தில் உள்ளன. இன்னும் பத்தாண்டு தாழ்த்திருந்தால் அம்முதியோருடன் அவ்வரலாறும் மண்ணுக்குள் போயிருக்கும். அதிலும் ஒரு குறை உண்டு. கேட்கச் சென்றவருள் பெரும்பாலோர் வெள்ளையர். முன்னாள் எசமானரின் இனத்தானிடம் அடிமையாய் இருந்தவர் முழு உண்மையையும் சொல்லத் துணிவாரா? பல இடங்களில் அவர்கள் அஞ்சி அளந்தே பேசினர் என்று ஆராய்ந்தோர் கூறுகின்றனர். நம் பாட்டிமாரின் கதையை நம் பேரப்பிள்ளைகளே கேட்டு எழுத வேண்டும் என்பதற்கு இதனினும் வலிய காரணம் வேண்டுமா?

நம் முன்னோர் அச்சகம்

நம் வரலாற்றிலும் இப்பாடம் எழுதப்பட்டே இருக்கிறது. 1893இல் இரட்டைமலை சீனிவாசனார் 'பறையன்' என்னும் இதழைத் தொடங்கினார். இழிவென்று பிறர் சொன்ன பெயரையே தலைப்பில் ஏந்தி அது வெளிவந்தது. பண்டிதர் அயோத்திதாசர் 1907 சூன் 19ஆம் நாள் சென்னை இராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமை இதழைத் தொடங்கினார். விலையே பெயராயிற்று. ஒரு பைசா கொடுக்கக் கூடியவன் எவனோ அவனே தம் வாசகன் என்பதை அப்பெயரே சொல்லிற்று. அவ்விதழுக்குத் துணைநின்றவர்களுள் கோலார் தங்கவயலில் நிலத்தடியில் உழைத்த நம் தொழிலாளத் தோழர்கள் முதன்மையானவர்கள். சுரங்கக் கூலியில் மிச்சம் பிடித்த காசால் ஓர் அறிவு இயக்கம் நடந்தது. 1914இல் பண்டிதர் மறைந்த பின்னரும், பிற்காலத்தில் அவ்விதழ் மீண்டும் தலைதூக்கியது அத்தங்கவயலிலேதான்.

பாபாசாகேப் அம்பேத்கர் தம் முதல் இதழான 'மூக்நாயக்'கை 1920 சனவரி 31ஆம் நாள் வெளியிட்டார். அதற்குக் கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் 2,500 ரூபாய் உதவினார். பேசாதாரின் தலைவன் என்னும் பொருள்படும் அவ்விதழ் சில ஆண்டுகளே நடந்தது, 1923இல் நின்றது. 1927இல் தொடங்கிய 'பகிஷ்கிருத பாரத்' 1929இல் நின்றது. பாபாசாகேபின் எழுத்தில் குறையில்லை. வாசகருக்கும் வேட்கை இல்லாமல் இல்லை. பணமின்மையே பெருந்தடையாயிற்று. சந்தா செலுத்தும் வசதியற்ற மக்களுக்காக நடந்த இதழ் அது. மூக்நாயக் பிறந்து சரியாக நூறாண்டு நிறைந்த 2020 சனவரியின் இறுதியில்தான் இந்தியாவில் கொரோனா நோயின் முதல் தொற்று உறுதியாயிற்று. நூறாண்டுக்குப் பின்னும் நம் சிறு பதிப்பாளன் அதே பணமுடையில் நின்றான்.

பதிப்பாளன் பட்ட பாட்டையும் ஒருவாறு சொல்ல வேண்டும். ஆண்டுதோறும் பொங்கலையொட்டி நடைபெறும் சென்னைப் புத்தகக் காட்சியை நம்பியே சிறு பதிப்பகங்கள் பல வாழ்கின்றன. வட்டிக்குக் கடன் வாங்கித் தாள் வாங்குவதும், காட்சி முடிந்ததும் கடனை அடைப்பதும் அவர்கள் வழக்கம். 2021இல் அக்காட்சி பிப்ரவரி இறுதிக்குத் தள்ளிப் போயிற்று. 2022இல் மீண்டும் சனவரியிலிருந்து பிப்ரவரிக்குத் தள்ளிப் போயிற்று. காட்சி காத்திருக்கலாம், வட்டி காத்திருக்குமா? தலித்து எழுத்தாளரின் முதல் நூலைத் துணிந்து அச்சிடுபவர்கள் பெரும்பாலும் இத்தகைய சிறு பதிப்பாளர்களே. அவர்கள் வீழ்ந்தால் நம் அடுத்த தலைமுறையின் கையெழுத்துப் படிகள் பெட்டியிலேயே கிடக்கும். 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி நாம் செலுத்தும் வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்கிறது. அப்பணத்தில் நம் எழுத்தாளரின் நூல்களும் வாங்கப்பட வேண்டும் எனக் கேட்பது நம் உரிமை.

பறை பற்றி ஒரு சொல்

இவ்விடத்தில் இளைஞர் சிலரின் மனத்தில் எழும் ஐயத்தை நாம் அறிவோம். "பறை நம்மீது சுமத்தப்பட்ட இழிதொழில் அன்றோ? சாவுக்கு அடிப்பதை விட்டொழிக்க வேண்டும் என்று நம் தலைவர்கள் போராடவில்லையா? அதற்கு உதவித் தொகை கேட்பது பழைய அடிமைத்தனத்தைக் காப்பதாகாதா?" என்று அவர்கள் வினவுகின்றனர். நேர்மையான வினா. அதற்கு நேர்மையான விடை வேண்டும்.

அடிக்க மாட்டேன் என்று சொல்ல உரிமையில்லாதவன் அடிப்பது அடிமைத்தனம். ஊர்க் கட்டளைக்கு அஞ்சி, களத்தில் அளக்கும் நெல்லுக்காகச் செய்த அவ்வேலையை எதிர்த்தவர்கள் செய்தது அறப்போர். அதனை நாம் வணங்குகிறோம். ஆனால் தானே விரும்பிக் கற்று, தான் விதித்த ஊதியத்திற்கு, தான் ஏற்ற மேடையில் அடிப்பவன் கலைஞன். இவ்விரண்டையும் வேறுபடுத்துவது எது? மறுக்கும் உரிமையும் ஊதியத்தை நிறுவும் உரிமையும் ஆகும். பசியோடு இருப்பவனுக்கு இவ்விரு உரிமைகளும் இல்லை. பஞ்ச காலத்தில் கையில் காசில்லாத கலைஞன், எவன் அழைத்தாலும், எவ்வளவு இழிவாக அழைத்தாலும், போய் நிற்க வேண்டியவன் ஆகிறான். ஆகவே கலைஞனுக்குத் தரும் நிதி பழைய கட்டைத் திரும்பப் பூட்டுவதன்று. அவன் "வரமாட்டேன்" என்று சொல்வதற்கான துணிவைத் தருவது. அட்டையில் "கலைஞர்" என்று அரசு எழுதித் தருமானால், ஊர் இட்ட பழைய பெயர் அங்கே அழிகிறது.

நாம் செய்ய வேண்டுவன

பேச்சோடு நில்லாமல், இவ்வெள்ளி விழா ஆண்டில் நம் சங்கம் செய்யத்தக்க சிலவற்றைப் பணிவுடன் முன்வைக்கிறோம்.

முதலாவது, பதிவேடு. நம் பகுதியிலுள்ள பறைக் கலைஞர், கூத்தர், ஒப்பாரி பாடும் தாய்மார், எழுத்தாளர், ஓவியர், அச்சுத் தொழிலாளர் அனைவரின் பெயரையும் சங்கம் ஒரு பதிவேட்டில் எழுத வேண்டும். யார், எக்கலை, எத்தனை ஆண்டு, எந்தெந்த ஊரில் நிகழ்ச்சி என்பனவற்றைக் குறிக்க வேண்டும். விழா அழைப்பிதழ், நிழற்படம், ஊர்ப் பெரியவர் கையொப்பம் ஆகியவற்றை ஒட்டி வைக்க வேண்டும். அதைக் கொண்டு ஒவ்வொருவருக்கும் நல வாரிய அட்டையும் வங்கிக் கணக்கும் பெற்றுத் தர வேண்டும். கல்லூரி இளைஞர் பத்துப் பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் முனைந்தால் ஓராண்டில் இது முடியும். தாள் இல்லை என்று இனி எந்தப் பெரியவரும் திரும்பக் கூடாது.

இரண்டாவது, சேமநிதி. வீட்டுக்குத் திங்களுக்குப் பத்து ரூபாய் என்று முந்நூறு வீடுகள் தந்தால் ஆண்டுக்கு 36,000 ரூபாய் சேரும். பெருந்தொகை அன்று. ஆனால் காதணி அடகுக் கடைக்குப் போகாமல் தடுக்க அது போதும். செங்கற் சூளையின் முன்பணம் ஓர் இளைஞனை விலைக்கு வாங்கும் முன், நம் நிதி அவன் கையில் இருக்க வேண்டும். இந்நிதியின் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் படிக்க வேண்டும். யாருக்குத் தருவது என்பதில் உறவும் உட்பிரிவும் தலையிடக் கூடாது.

மூன்றாவது, கூலியாய்த் தருதல். சேமநிதி துயரக் காலத்திற்கு. நல்ல காலத்தில் வேலை கொடுப்பதே உதவி. நம் பள்ளி ஆண்டு விழாவிற்குப் பிற ஊர் மெல்லிசைக் குழுவை அழைக்கிறோம். நம் பறைக் குழுவை வாசலில் நிறுத்தி வரவேற்புக்கு மட்டும் அடிக்கச் சொல்கிறோம். இனி அவர்களை மேடையேற்றி, பிறர்க்குத் தரும் ஊதியத்தை அவர்களுக்கும் தருவோம். நம் இரவுப் பள்ளியில் பறை கற்பிக்கும் முதியவருக்கு ஆசிரியர் என்ற பெயரும் மாத ஊதியமும் தருவோம்.

நான்காவது, முன்பதிவு. நம்மவர் நூல் வெளிவரும் முன்னரே, சங்க நூலகத்திற்கும் உறுப்பினர் இல்லங்களுக்கும் ஐம்பது படிகளுக்குப் பணம் கட்டுவோம். சிறு பதிப்பாளனுக்கு வட்டியில்லாக் கடனைவிட இது பெரிது. நூலை இனாமாகக் கேட்கும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். ஒரு பைசாவைக் கொடுத்துத் தமிழனை வாங்கிய சுரங்கத் தொழிலாளியின் பேரர்கள் நாம்.

ஐந்தாவது, முதியோர் வாய்மொழி. எண்பதைக் கடந்தோர் நம் தெருவில் சிலரே உள்ளனர். பெருந்தொற்று அவர்களுள் பலரைக் கொண்டுபோயிற்று. எஞ்சியோரின் பாட்டையும் கதையையும் பட்ட துன்பத்தையும் கேட்டு எழுதும் மாணவருக்குச் சங்கம் சிறு ஊதியம் தரட்டும். சொல்லும் முதியோருக்கும் ஒரு தொகை தரட்டும். நம்மவரிடம் நம்மவர் பேசும்போது அளந்து பேச வேண்டிய அச்சம் இராது.

இவை ஐந்தும் அரசின் கடமையை நம் தலையில் ஏற்றிக்கொள்வதற்காக அல்ல. அரசிடம் நாம் கேட்போம், உரிமையோடு கேட்போம். பெருந்தொற்றோ வெள்ளமோ வந்தால், பதிந்தோர்க்கும் பதியாதோர்க்கும் உதவி சென்று சேரும்படி விதிகளைத் திருத்தக் கேட்போம். ஆனால் கேட்கச் செல்பவன் கையில் பதிவேடு இருந்தால்தான் அவன் குரல் நிமிர்ந்து நிற்கும். 2020 பங்குனியில் நாம் வெறுங்கையோடு சென்றோம். இனியொரு கேடு எப்போது வரும் என்பதை யாரும் அறியோம். அது வரும்போது நாம் அப்படிச் செல்லக் கூடாது.

எங்கள் ஊர்ப் பெரியவர் இன்று இந்த அரங்கின் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது. அவரிடம் இன்னும் அட்டை இல்லை. இவ்விழா முடியும் முன்னர் அப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் அவர் பெயரை எழுதித் தொடங்கிவைக்குமாறு தலைவர் அவர்களை வேண்டி அமைகிறோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் கலைஞர்! ஜெய் பீம்!